பாதாம் பால் பாட்டிலில் பிரிந்து நிற்கிறது, என்ன செய்வது?

கேள்வி: நான் ராஜபாளையம் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலேயே பாதாம் பால் தயாரித்து, 200 மில்லி கண்ணாடி பாட்டிலில் அடைத்து நான்கு டீக்கடைகளுக்கும் கல்யாண ஆர்டர்களுக்கும் கொடுக்கிறேன். பாதாம் அடியில் படிந்துவிடுகிறது என்று கடைக்காரர்கள் சொன்னதால் முதலில் சோள மாவு சேர்த்தேன். கூழ் மாதிரி ஆகிவிட்டது. பிறகு மளிகை மொத்தக் கடையில் சொன்னபடி குவார் கம் வாங்கி, 10 லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் போட்டேன். ஊற்றும்போது நன்றாக இருந்தது. மறுநாள் பாட்டிலின் மேலே இரண்டு விரல் அளவு மங்கலான தண்ணீர், கீழே கெட்டி. சின்னச் சின்னக் கட்டிகளும் மிதந்தன. இதற்கிடையில் கல்லூரியில் படிக்கும் என் மகள், கம் எல்லாம் குடலைக் கெடுக்கும் கெமிக்கல் என்று ஒரு வீடியோவைக் காட்டி, 'இதை ஊருக்கு விற்கலாமா அம்மா?' என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மனசே சரியில்லை. இது நஞ்சா? வீட்டில் கிடைக்கிற இயற்கைப் பொருளை வைத்தே பாலைப் பிரியாமல் வைக்க முடியாதா? லேபிளில் என்ன போடவேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மனசை ஆற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் யாருக்கும் நஞ்சு விற்கவில்லை. நடந்தது வேறு: உங்களுக்குக் கொடுத்த பொருள் பாலோடு தனியாகச் சேராது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. 'மேலே இரண்டு விரல் அளவு மங்கலான தண்ணீர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பாதாம் படிவது ஒரு பிரச்சினை. இந்தத் தண்ணீர் இன்னொரு பிரச்சினை. இரண்டாவதை உண்டாக்கியதே குவார் கம்தான்.

குவார் கம் என்பது கொத்தவரங்காய் விதைதான். நம் வீட்டில் பொரியல் செய்கிறோமே, அதே செடி. காயைப் பிஞ்சிலேயே பறிக்காமல் முற்றி உலரவிட்டால் உள்ளே கடுகைவிடப் பெரிய கெட்டி விதை கிடைக்கும். அந்த விதையை உடைத்து, தோலையும் முளைப்பகுதியையும் நீக்கினால் வெளிறிய சின்னப் பருப்பு மிஞ்சும். அதை அரைத்த மாவுதான் நீங்கள் வாங்கி வந்தது. உலகத்தில் விளையும் கொத்தவரையில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தியாவில்தான், அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானில். ஜோத்பூர் வட்டாரத்தில் இதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன. நீக்கிய தோலும் முளையும் வீணாவதில்லை. புரதம் நிறைந்த மாட்டுத் தீவனமாகப் போகிறது. உங்களுக்குப் பால் கொடுக்கும் மாடுகூட அதைத் தின்றிருக்கலாம். உணவுக்கு மட்டுமில்லை, அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கிணறுகளுக்கும் இந்த மாவு டன் கணக்கில் போகிறது. 2012-ல் அந்தத் தேவையால் கொத்தவரை விதை விலை தாறுமாறாக ஏறி, அந்த மார்ச்சில் முன்பேர வணிகத்தையே நிறுத்திவைத்தார்கள். எண்ணெய்க் கிணற்றில் போடுகிறார்கள் என்பதற்காக அது கெமிக்கல் ஆகிவிடாது. தண்ணீரைக் கெட்டியாக்கும் குணம் எங்கே தேவையோ அங்கே அது போகிறது, அவ்வளவுதான்.

சரி, பாலில் ஏன் பிரிந்தது? பாலில் கேசீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. பாலுக்கு வெள்ளை நிறம் பெருமளவு அதனால்தான். குவார் கம் தண்ணீரில் கரையும்போது மிக நீளமான இழைகளாக விரியும். அந்த இழைகளுக்கும் கேசீன் உருண்டைகளுக்கும் ஒத்துப்போவதில்லை. கூட்டமான பேருந்தில் நீளமான மூங்கில் கழிகளோடு பத்துப் பேர் ஏறினால் மற்றவர்கள் எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு நிற்பார்கள் இல்லையா? அதுபோல உருண்டைகள் ஒன்றோடொன்று ஒண்டி, கனம் கூடி, கீழே இறங்கிவிடுகின்றன. கம் கரைந்த தண்ணீர் மேலே நிற்கிறது. ஊற்றும்போது எல்லாம் கலந்திருப்பதால் நன்றாகத் தெரியும். அசையாமல் ஒரு இரவு வைத்தால்தான் சாயம் வெளுக்கும்.

இதை நான் நேரில் பார்த்துப் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐஸ்கிரீம் ஆலையில் இருந்தேன். பெயர் வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த ஐஸ்கிரீம் கலவையை இரவு முழுவதும் குளிர்தொட்டியில் ஊறவைப்பார்கள். வழக்கமாகச் சேர்க்கும் பொடிகளில் ஒன்று இருப்பில் இல்லை என்று, அன்றைக்குக் குவார் கம்மை மட்டும் போட்டுவிட்டார்கள். காலையில் தொட்டி மூடியைத் திறந்தேன். வெள்ளைக் கலவைக்கு மேலே லேசான பச்சை கலந்த தெளிந்த நீர், உள்ளங்கை ஆழத்துக்கு. பால் திரிந்துவிட்டது என்று எல்லோரும் பதறினார்கள். வாயில் வைத்துப் பார்த்தால் துளி புளிப்பு இல்லை. பால் கெடவே இல்லை, பிரிந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு இல்லாமல் போன அந்தப் பொடி கேரஜீனன். அளவில் அதுதான் மிகச் சிறியது, ஒரு சிட்டிகை மாதிரி. ஆனால் குவார் கம்மையும் பாலையும் சேர்த்துப் பிடித்துவைத்திருந்தது அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் பாதாம் பாலுக்கும் அதுதான் பொருத்தம். கேரஜீனன் கடல்பாசியிலிருந்து எடுப்பது. அதில் கப்பா, அயோட்டா, லாம்டா என்று ரகங்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது பாலுக்கான கப்பா ரகம். அது கேசீனைத் தள்ளிவிடாது, அதோடு கைகோத்துக்கொள்ளும். கைகோத்து ஒரு மெல்லிய வலையைப் பின்னும். வாயில் கெட்டியாகத் தெரியாத அளவுக்கு மெல்லியது, ஆனால் பாதாம் துகளைத் தாங்கும். கடையில் விற்கும் சாக்லேட் பாலில் கோகோ அடியில் படியாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பாலில் 0.02 சதவீதம் போதும். 10 லிட்டருக்கு வெறும் 2 கிராம்.

இந்தப் பாசியை நம் கடலிலேயே வளர்க்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் போனால் கரையோரம் மூங்கில் மிதவைகள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி விட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. பெரும்பாலும் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் செய்கிற தொழில். கப்பாபைகஸ் என்ற இந்தப் பாசி வெளியிலிருந்து வந்தது. குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் அது படர்ந்துவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்ற கேள்வி முக்கியமானது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. அதே கடலில் இயற்கையாக விளையும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பது அகர் அகர், நாம் சைனா கிராஸ் அல்லது கடல்பாசி என்று வாங்குவது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறை இடுக்கில் மூழ்கி மூழ்கி அதைப் பறிக்கிறார்கள். அந்தக் கைகளை நினைத்துக்கொண்டால், 'கம் என்றாலே கெமிக்கல்' என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

இனி உங்கள் சமையலறைக்கு வருவோம்.

கட்டி தட்டியது எதனால் தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் குவார் கம்மை அப்படியே கொட்டிப் பாருங்கள். தண்ணீர் பட்ட வெளிப்பக்கம் உடனே வழவழப்பான தோலாகிவிடும். உள்ளே பொடி உலர்ந்தபடியே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு கலக்கினாலும் அந்தத் தோல் உடையாது. உருண்டையைக் கத்தியால் வெட்டினால் நடுவில் வெள்ளைப் பொடி அப்படியே இருக்கும். ரவை உப்புமா கட்டி தட்டுவதும் இந்தக் கணக்குதான். அதற்கு நாம் என்ன செய்கிறோம்? ரவையை எண்ணெயில் வறுத்து, கொட்டும்போது தூவித் தூவிக் கிளறுகிறோம். இங்கே எண்ணெய்க்குப் பதில் சர்க்கரை. பொடியைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகமான சர்க்கரையோடு உலர்ந்தபடியே கலந்துவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் விலகி நிற்கும். பாலைச் சுழற்றிக்கொண்டே தூவினால் கட்டியே வராது. கேரஜீனனுக்கும் இதே வழிதான்.

இன்னொரு தவறு ஸ்பூன் அளவு. குவார் கம் ஸ்பூனுக்கு எத்தனை கிராம் என்பது பொடியின் நைசைப் பொறுத்து மாறும். தவிர, அது குளிர்ந்த பாலில் முழுதாகக் கெட்டியாக ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். போட்டவுடன் 'இன்னும் தண்ணியாத்தான் இருக்கு' என்று இன்னொரு ஸ்பூன் போடுவோம். விடிந்ததும் பசை. உங்கள் ஊர்க் கடைகளிலேயே நகை எடை போடுவதைப் போன்ற சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கும். அதை வாங்கிவிடுங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள செலவு அதுவாகத்தான் இருக்கும்.

2 கிராமை எடைபோடுவதே சிரமம், சோதனைக்கு ஒரு லிட்டர் பால் எடுத்தால் 0.2 கிராமுக்கு எங்கே போவது? அதற்கு ஒரு வழி சொல்கிறேன். 2 கிராம் கேரஜீனனை 98 கிராம் பொடித்த சர்க்கரையோடு உலர்ந்த டப்பாவில் போட்டு மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இப்போது உங்களிடம் 100 கிராம் கலவை இருக்கிறது. இதில் 10 கிராம் எடுத்தால் அதில் 0.2 கிராம் கேரஜீனன் இருக்கும். ஒரு லிட்டருக்குச் சரியாக 0.02 சதவீதம்.

செய்முறையில் பெரிய மாற்றம் இல்லை. பாதாமை ஊறவைத்துத் தோல் உரித்து, கொஞ்சம் பால் விட்டு, இப்போது அரைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் அரையுங்கள். மிக்ஸி சூடாகாமல் விட்டு விட்டு ஓட்டவேண்டும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு துகளின் அளவைப் பாதியாக்கினால் அது கீழே இறங்கும் வேகம் கால்பங்காகக் குறைந்துவிடும். அதாவது உங்கள் வேலையில் பெரும்பகுதியை மிக்ஸியே முடித்துவிடும். கேரஜீனனுக்கு மிச்ச வேலைதான். பலர் அரைப்பதில் சோம்பி, பொடியில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அது சரிவராது.

பால் குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ இருக்கும்போதே, சர்க்கரையில் கலந்து வைத்த பொடியை, மத்தால் சுழற்றிக்கொண்டே தூவுங்கள். பாதாம் விழுதையும் மீதிச் சர்க்கரையையும் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். 80 முதல் 85 டிகிரி வரை சூடேறவேண்டும். கேரஜீனன் அந்தச் சூட்டில்தான் முழுதாகக் கரையும். ஒரு சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. கொதி வர ஆரம்பிக்கும் நிலையில் அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் கிளறினாலும் போதும். வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்த பாட்டில்களில் சூடாகவே நிரப்பி மூடுங்கள். அப்புறம் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சாதாரணத் தண்ணீர், பிறகு ஐஸ் தண்ணீர் என்று படிப்படியாக ஆறவையுங்கள். நேரே ஐஸில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். ஆறும்போதுதான் அந்த மெல்லிய வலை உருவாகும்.

பாட்டிலைச் சாய்க்கும்போது பால் உடனே வழியாமல் ஜெல்லி போலக் குலுங்கி நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். கேரஜீனனை நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு வலுவில் விற்கிறார்கள், பலர் அதிலேயே சர்க்கரையும் உப்புகளும் கலந்து வலுவைச் சமன்படுத்துகிறார்கள். ஆகவே என் 2 கிராம் கணக்கு தொடங்குவதற்குத்தான். அப்படியே பிடித்துக்கொள்ளவேண்டாம்.

மேலே ஆடை மாதிரி கொழுப்பு ஏறுவதை இதனால் முழுதாகத் தடுக்க முடியாது. பெரிய ஆலைகளில் பாலைக் கடும் அழுத்தத்தில் ஒரு நுண்ணிய துவாரம் வழியாகச் செலுத்திக் கொழுப்புத் துளிகளை உடைக்கிறார்கள். அந்த எந்திரம் நம்மிடம் இல்லை. கொழுப்புக் குறைந்த, ஏற்கெனவே அப்படி உடைத்த பாக்கெட் பாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் ஓரளவு குறையும். மிச்சத்துக்கு 'நன்றாகக் குலுக்கிப் பருகவும்' என்று லேபிளில் போடுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை.

அடுத்து, வீட்டுப் பொருள். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதிய சோள மாவையே எடுத்துக்கொள்வோம். மாவுச்சத்து வேலை செய்யவேண்டுமானால் கஞ்சி அளவுக்குப் போடவேண்டும், ருசி மந்தமாகிவிடும். இரண்டு நாள் குளிரில் இருந்தால் மாவு இறுகி, உறிஞ்சிய தண்ணீரைத் திரும்பக் கக்கும். பழைய கூழின் மேல் தண்ணீர் தெளிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். பாதாம் பிசினை ஊறவைத்தால் பொங்கிப் பெருகுமே தவிர, பாலில் கரையாது. மதுரை ஜிகர்தண்டாவில் அது கண்ணாடித் துண்டு போல வாயில் வழுக்குகிறது, அங்கே அதுதான் அழகு. உங்கள் பாட்டிலில் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெந்தயம், வெண்டைக்காய் இரண்டுமே கெட்டியாக்கும். ஆனால் பாதாம் பாலில் வெண்டைக்காய் வாசனையை யார் குடிப்பார்கள்? நம் பாட்டிமார்கள் இதற்குக் கசகசாவும் முந்திரியும் அரைத்து விட்டார்கள். ருசிக்கு அதற்கு இணையே இல்லை. கல்யாணத்தில் அன்றைக்கே பரிமாறும் பாலுக்கு அதையே செய்யுங்கள், எந்தப் பொடியும் வேண்டாம். பாட்டிலில் அடைத்து மறுநாள் விற்கும் பாலுக்கு மட்டும்தான் கேரஜீனன்.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் பார்த்த வீடியோ எதை வைத்துப் பேசியது என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. 2015-ல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, சி.எம்.சி. என்ற கெட்டிப்படுத்தியும் பாலிசார்பேட்-80 என்ற பொருளும் குடல் நுண்ணுயிர்களையும் குடலின் உட்பூச்சையும் பாதிப்பதாகச் சொன்னது. பிறகு மனிதர்களிடமும் சி.எம்.சி.யைச் சோதித்தார்கள். நாளுக்கு 15 கிராம் கொடுத்ததில் குடல் நுண்ணுயிர்களில் மாற்றம் தெரிந்தது. இவற்றை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் சி.எம்.சி. என்பது தாவர நாரை ஆலையில் வேதிமாற்றம் செய்து எடுப்பது. குவார் கம்மும் கேரஜீனனும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. கேரஜீனன் மேலும் ஒரு பழி உண்டு. அதை அமிலத்தில் கடுமையாகச் சூடாக்கிச் சிதைத்தால் பாலிஜீனன் என்ற வேறொரு பொருள் வரும். அது விலங்குகளின் குடலில் புண் உண்டாக்கியது. அதை உணவில் சேர்ப்பதில்லை. உணவுக்கான கேரஜீனன் பற்றியும் விவாதம் அடங்கிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு பலமுறை ஆராய்ந்து, உணவில் சேரும் அளவில் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் 200 மில்லி பாட்டிலில் இருக்கப்போவது 0.04 கிராம். குடல் அழற்சி நோய் உள்ள ஒருவர் உங்களிடம் கேட்டால், இதில் இது இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள், குடிப்பதா வேண்டாமா என்று அவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கெட்டிப்படுத்திகளில் நிஜமான ஆபத்து எப்போது வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். குவார் கம்மை மாத்திரையாக்கி, எடை குறைக்க என்று அமெரிக்காவில் விற்றார்கள். தண்ணீர் பட்டதும் உணவுக்குழாயிலேயே பொங்கி அடைத்துக்கொண்டது. 1990 வாக்கில் அதை நிறுத்தினார்கள். ஆகவே எந்தக் கம்மையும் உலர்ந்த பொடியாக வாயில் போடக்கூடாது, வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இன்னொன்று ஜாந்தன் கம். முட்டைக்கோசு இலையைக் கறுக்கவைக்கும் ஒரு பாக்டீரியா சர்க்கரையைத் தின்று தருவது அது. விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பயனுள்ள பொருள். ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலைக் கெட்டியாக்க அதைக் கொண்டு செய்த ஒரு தயாரிப்பைக் கொடுத்ததில் சிலருக்குக் குடல் பாதிப்பு வந்ததால், 2011-ல் அமெரிக்க அரசு எச்சரித்தது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் எந்தக் கெட்டிப்படுத்தியும் வேண்டாம். உங்கள் பாதாம் பாலையும் கைக்குழந்தைகளுக்கு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. கெட்டியாக இருந்தால் கெடாது என்று நினைக்கிறவர்கள் அதிகம். கெட்டிப்படுத்தி பாலைக் கெடாமல் காக்காது. உங்கள் பாட்டில் வீட்டு அடுப்பில் காய்ச்சியது. காய்ச்சிய சூட்டிலும் சாகாத கிருமி விதைகள் அதில் இருக்கும், சாதாரண வெப்பத்தில் அவை பெருகும். ஆறவைத்ததிலிருந்து விற்பது வரை பாட்டில் 5 டிகிரிக்குக் கீழேயே இருக்கவேண்டும். டீக்கடைக் குளிர்பெட்டி இரவில் அணைத்துவைக்கப்படுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக் கடைகளில் மின்கட்டணத்துக்குப் பயந்து அணைத்துவிடுகிறார்கள். அங்கே உங்கள் பாலைக் கொடுக்காதீர்கள். மூன்று நாளைத் தாண்டி வைக்க நினைத்தால், முதலில் ஒரு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நாள்வாரியாகச் சோதித்து, அவர்கள் சொல்லும் தேதியை மட்டும் போடுங்கள்.

லேபிளுக்கு வருவோம். பெயரை மறைக்க நினைக்காதீர்கள். விதிப்படி, சேர்த்த பொருளின் வேலையையும் பெயரையோ எண்ணையோ சேர்த்துப் போடவேண்டும். 'நிலைப்படுத்தி: கேரஜீனன் (ஐ.என்.எஸ். 407)' என்று போட்டால் முடிந்தது. ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் பட்டியல். நான் பெயரையும் போடச் சொல்வேன். எண்ணை மட்டும் பார்த்தால்தான் ஜனங்கள் பயப்படுகிறார்கள். குவார் கம் 412, அகர் 406, பழத்தோலில் கிடைக்கும் பெக்டின் 440. மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்குக்கூட 100 என்று ஓர் எண் உண்டு, வைட்டமின் சி-க்கு 300. எண் என்பது பட்டியலில் இடம் பெற்றதற்கான அடையாளம், அவ்வளவுதான். 'பால், பாதாம் கலந்தது' என்ற ஒவ்வாமைக் குறிப்பையும் விடாதீர்கள், கொட்டை ஒவ்வாமை உயிரைப் பறிக்கக்கூடியது. '100 சதவீதம் இயற்கை' என்று அச்சடிக்க ஆசை வரும். கூடாது. பொருள் சேர்த்த பானத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்த விளம்பர விதிகள் இடம் தருவதில்லை. மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலரிடம் லேபிள் மாதிரியைக் காட்டி, சுவையூட்டிய பாலுக்கு இது அனுமதியில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு அச்சுக்குக் கொடுங்கள்.

பொடி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மொத்தக் கடைகளில் 'ஸ்டெபிலைசர் பவுடர்' என்று பெயரில்லாத பாக்கெட் கொடுப்பார்கள். அதில் சி.எம்.சி. இருக்கலாம், ஜெலட்டின்கூட இருக்கலாம். ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல் போன்றவற்றிலிருந்து வருவது. பச்சைப் புள்ளி போட்டுச் சைவம் என்று நம்பிக் குடிக்கிறவருக்கு அதைக் கொடுக்கலாமா? உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும், உணவுத் தர முத்திரையும் உரிம எண்ணும் இருக்கும் பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பாதாமைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, அந்த இடைவெளியைக் கம்மால் நிரப்பிக் கெட்டியாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு என்னிடம் யோசனை கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெறும் பாலில் கெட்டிப்படுத்தி கலந்து பாலென்று விற்பது கலப்படம், குற்றம். நீங்கள் கேட்டது அது இல்லை. போட்ட பாதாம் குடிப்பவர் வாய்க்குப் போய்ச் சேரவேண்டும், அடியில் தங்கிவிடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். ஒரு லிட்டர் வீதம் மூன்று பங்கு பாதாம் பால். முதல் பங்கில் நான் சொன்ன சர்க்கரைக் கலவை 7.5 கிராம், இரண்டாவதில் 10, மூன்றாவதில் 15. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலை எண் ஒட்டி, குளிர்பெட்டியில் அசைக்காமல் வையுங்கள். பக்கத்தில் எதுவும் சேர்க்காத ஒரு பாட்டிலும் இருக்கட்டும். இரண்டு நாள் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது, மேலே தண்ணீர் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அளப்பதை மகளிடம் விடுங்கள். அந்த நாலு எண்களையும், கேரஜீனன் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதையும் எழுதி அனுப்பினால், 10 லிட்டருக்கான அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.